மலை மடிவதும் நிலம் பெயர்வதும்



கன்னியாகுமரி முனையில் நின்று நேர் கிழக்கு நோக்கி ஒரு கோடு இழுத்துச் செல்வோமாயின், அது இலங்கையைக் கடந்து, வங்கக் கடலையும் கடந்து, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவில் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுப்பகுதியைச் சென்றடையும். அங்கே நான்கௌரி, கமோர்ட்டா என்னும் தீவுகளுக்கு மேற்கே அமைந்திருப்பது கட்சால் தீவு. நடுவில் சிறு குன்றுகள், அவற்றைச் சூழ்ந்து பெரும்பாலும் சமநிலம், கரையோரத்தில் தென்னை, அதற்கப்பால் பவளத் திட்டு. இவ்வளவே அத்தீவின் தோற்றம்.

ஆயினும் தமிழராகிய நமக்கு அத்தீவோடு ஓர் உறவு உண்டு. 1964-ஆம் ஆண்டில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலங்கை மலையகத்தின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் பலர், அதன்படி தாயகம் திரும்பினர். அவர்களுள் சில குடும்பங்கள் 1970-களில் கட்சாலில் குடியமர்த்தப்பட்டு, நிக்கோபாரிப் பழங்குடி மக்களின் அயலில், ரப்பர்த் தோட்டங்களில் பணிபுரிந்தன. இவ்வாறு இருமுறை கடல் கடந்த தமிழ்க் குடும்பங்கள் கால் ஊன்றிய மண் அது.

2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று புத்தாயிரத்தின் இளங்கதிர் விழும் இடங்களுள் ஒன்றாக அத்தீவு கணிக்கப்பட்டு, உலகெங்கும் பெயர் பெற்றது. ஐந்தாண்டுகள் நிறைவதற்குள், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில், அதே தீவு உலகின் துயரச் செய்தியாயிற்று. நிலம் நடுங்கியது, தீவு தாழ்ந்தது, கடல் ஏறி வந்தது. நிக்கோபார்த் தீவுகளுள் பேரிழப்பைக் கண்டவற்றுள் கட்சாலும் ஒன்று.

அத்தீவைக் கடலுக்கு மேலே உயர்த்தியது எது? அதனை ஒரே காலையில் தாழ்த்தியது எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம். அவ்விடையை அறிய, பாறை மடிவது எங்ஙனம், பிளந்து பெயர்வது எங்ஙனம் என்பதை முதலில் காண்போம்.

பாறை என்றதும் நம் மனத்தில் எழுவது அசையாமை. தமிழகத்தில் பிறந்த நமக்கு அவ்வெண்ணம் இயல்பே. சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. கொல்கத்தாவில் வாழும் அன்பர்கள் அக்கல்லை அந்நகரிலேயே காணலாம். ஜாப் சார்னாக்கு என்னும் ஆங்கிலேயரின் கல்லறைப் பலகை அவ்வகைக் கல்லால் ஆனது. அதனால்தான் நிலநூல் அறிஞர் தாமஸ் ஹாலந்து அக்கல்லுக்குச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். அத்தகைய பழம்பாறைகளும் ஒரு காலத்தில் நெருக்குண்டு மடிந்தவையே. ஆனால் அவற்றின் பெருங்கொந்தளிப்பு அடங்கிப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. எனவே நம் முன்னோர் உறுதிக்கு உவமையாகப் பாறையைக் கூறினர்.

உலகின் எல்லா நிலமும் அவ்வாறு அடங்கியதன்று. புவியின் மேலோடு பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில், நம் நகம் வளரும் வேகத்தில், நகர்ந்து வருகின்றன. இந்தியாவைத் தாங்கும் தட்டு வடகிழக்கு நோக்கி நகர்கிறது. வடக்கே அது ஆசியப் பெருநிலத்தோடு முட்டிய இடத்தில் இமயம் எழுந்தது. கிழக்கே அது பர்மாத் தட்டு எனப்படும் சிறு தட்டின் அடியில் சரிந்து நுழைகிறது. முட்டும் இடத்திலும் நுழையும் இடத்திலும் பாறை அடுக்குகள் பக்கவாட்டில் நெருக்கப்படுகின்றன. நெருக்குண்ட அடுக்குகள் தம் நீளத்தைக் குறைத்துக்கொண்டாக வேண்டும். அதற்கு அவை கையாளும் வழிகள் முதன்மையாக இரண்டு. ஒன்று மடிதல், மற்றொன்று பிளந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுதல்.

முதலில் மடிதலைக் காண்போம். கூடத்தில் விரித்த சமுக்காளத்தின் ஒரு விளிம்பைச் சுவரோடு பொருத்தி, மறு விளிம்பைக் கையால் தள்ளினால், அது அலை அலையாக எழும். எழுந்த பகுதியை மேன்மடிப்பு என்றும், தாழ்ந்த பகுதியைக் கீழ்மடிப்பு என்றும் கூறுவோம். ஸ்காட்லாந்து நாட்டுச் சர் ஜேம்ஸ் ஹால் என்பார், தம் நாட்டுக் கடற்கரைப் பாறையில் இத்தகைய வளைவுகளைக் கண்டு வியந்தார். துணிகளை அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, இருபுறமும் பலகையால் நெருக்கிப் பார்த்தார். பாறையில் கண்ட வளைவுகளே துணியிலும் எழுந்தன. 1815-இல் அவர் இச்சோதனையை வெளியிட்டார். மலைகளின் பிறப்பைக் கையால் செய்து பார்த்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று.

துணி மடியலாம், கல் மடியுமோ என்று கேட்கத் தோன்றும். கல்லைச் சம்மட்டியால் அடித்தால் உடையும் என்பது உண்மையே. ஆனால் பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலுள்ள பாறையின் பாரத்தாலும் உள்வெப்பத்தாலும் சூழப்பட்டு, இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல நெருக்கப்படும் கல், உடைவதற்கு மாறாக வளைந்து கொடுக்கிறது. மேலும், அடுக்கடுக்காகப் படிந்த பாறைக்கு ஒரு வசதி உண்டு. ஓர் ஓலைச்சுவடியை இரு கைகளாலும் பற்றி வளைத்துப் பாருங்கள். ஓர் ஓலை மற்றோர் ஓலையின்மேல் சிறிது நழுவும், ஓரங்கள் படிப்படியாக விலகி நிற்கும், ஓலைகளோ முறிவதில்லை. அதே தடிப்புள்ள மரக்கட்டையாயின் வளையாது, முறியும். மணற்கல்லும் களிக்கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்ட படிவுகளும் சுவடியைப் போன்றே ஒன்றன்மேல் ஒன்று நழுவி மடிகின்றன.

இனிப் பிளவைக் காண்போம். நெருக்குதல் பாறையின் வலிமையை மீறும்போது, அதில் சாய்வான ஒரு பிளவு தோன்றுகிறது. பிளவின் ஒரு பக்கத்துப் பாறை, மறு பக்கத்துப் பாறையின்மேல் ஏறிச் செல்கிறது. இவ்வாறு நெருக்கத்தால் உந்தப்பட்டு ஏறும் பிளவை உந்துபிளவு எனலாம். இதன் விளைவு விந்தையானது. பொதுவாகப் பழைய படிவு கீழும் புதிய படிவு மேலும் இருப்பதே முறை. உந்துபிளவு உள்ள இடத்திலோ, பழைய பாறை புதிய பாறையின் தலைமேல் ஏறி அமர்ந்திருக்கும். சுவிட்சர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இத்தகைய தலைகீழ் வரிசையைக் கண்ட சென்ற நூற்றாண்டுகளின் அறிஞர்கள், தம் கண்களையே ஐயுற்று நெடுங்காலம் வாதிட்டனர். 1888-இல் ஹென்றி காடெல் என்பவர், மணலையும் களிமண்ணையும் சாந்தையும் ஒரு பெட்டியில் அடுக்கி, ஒரு பக்கத்திலிருந்து நெருக்கிக் காட்டினார். அடுக்குகள் துண்டு துண்டாகப் பிளந்து, நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து அடுக்கின.

இந்த இடத்தில் ஒரு புதிர் எழுந்தது. சில கிலோமீட்டர் தடிப்பும் பல பத்துக் கிலோமீட்டர் நீளமும் உடைய பாறைப் பலகையைப் பின்னாலிருந்து தள்ளினால், அடியிலுள்ள உராய்வை வெல்லுமுன் அப்பலகையே நொறுங்கிவிடும் என்று கணக்குக் கூறியது. ஆனால் அத்தகைய பலகைகள் நெடுந்தொலைவு நகர்ந்திருப்பதைக் கண்கள் கண்டன. இப்புதிரை 1959-இல் ஹப்பர்ட்டு, ரூபி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் அவிழ்த்தனர். அவர்கள் கூறிய காரணம் நம் சமையலறையிலேயே விளங்கும். வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான கல்மேடையில் கவிழ்த்து வைத்தால், சில வேளைகளில் அது தானாகவே நழுவி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து டம்ளரைச் சிறிது தூக்குகிறது; ஈரம் வழி விடுகிறது. அவ்வாறே படிவுகளுக்குள் அடைபட்ட நீர், வெளியேற வழியின்றி அழுத்தம் மிகுந்து, மேலுள்ள பாறையின் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. உராய்வு குறைகிறது, மலையே நழுவுகிறது. அந்தமானில் பாரதாங்குத் தீவில் சேற்றைக் கக்கும் சேற்று எரிமலைகள் உள்ளன. ஆழத்தில் அழுத்தம் மிகுந்த நீரும் வாயுவும் அடைபட்டிருப்பதற்கு அவை கண்கண்ட சான்று.

மடிப்பு, பிளவு என இரண்டையும் தனித்தனியே கூறினேன். அவை உண்மையில் இரண்டல்ல. முதலில் மடிப்பு முற்றி, பின்னரே அது பிளக்கும் என்று பழைய அறிஞர் பலர் கருதினர். அவ்வாறு நிகழ்வதும் உண்டு. ஆனால் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையை ஆராய்ந்த ஜான் ரிச் 1934-இலும், தைவான் தீவை ஆராய்ந்த ஜான் சுப்பி 1983-இலும் வேறொரு முறையை விளக்கினர். பல மடிப்புகள், அடியில் மறைந்துள்ள பிளவின் பிள்ளைகளே என்பது அவர்கள் கண்ட முடிபு.

அதனை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். உந்துபிளவு நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. மென்மையான களிப்படிவு கிடைத்தால் அதன் வழியே கிடைமட்டமாகச் செல்கிறது. அதனை நழுவுதளம் எனலாம். பின்னர் ஓரிடத்தில் கடினமான மணற்கல்லைச் சாய்வாக வெட்டி மேலேறி, அடுத்த களிப்படிவை அடைந்ததும் மீண்டும் கிடைமட்டமாகிறது. மாடிப்படியைப் போன்ற வடிவம் இது. இப்போது ஒரு கோரைப்பாயை வாயிற்படியின் மீது இழுத்துச் செல்வதாகக் கொள்ளுங்கள். படியின் விளிம்பில் பாய் வளைந்தே தீரும். கீழேயுள்ள படி அதனை வளைக்கிறது. அவ்வாறே பிளவின் ஏறுபடி மீது நகரும் பாறை அடுக்கு, மேலே ஒரு மேன்மடிப்பாக எழுகிறது. வெளியில் நாம் காண்பது ஒரு குன்று. அதனை எழுப்பிய பிளவோ நம் கண்ணுக்குத் தெரியாமல் ஆழத்தில் கிடக்கிறது.

மற்றொரு வகையும் உண்டு. பிளவு மேலேறி வரும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதன் நுனிக்கு மேலுள்ள பாறை இன்னும் உடையவில்லை. ஆனால் கீழே ஏற்பட்ட நகர்ச்சியை அது எங்ஙனமாயினும் ஏற்றாக வேண்டும். எனவே அது மடிந்து அந்நகர்ச்சியை ஏற்கிறது. இங்கே மடிப்பு, இன்னும் மேலே வந்து சேராத பிளவின் முன்னறிவிப்பு. நழுவுதளம் மிகவும் மென்மையாக இருந்தால், ஏறுபடியே இல்லாமல், மேலடுக்கு முழுதும் சமுக்காளம் போல் அலை எழுப்புவதும் உண்டு. ஐரோப்பாவின் ஜூரா மலை அவ்வகைக்குப் பெயர் பெற்றது.

ஒரு பிளவோடு கதை முடிவதில்லை. களத்தில் பரப்பிய நெல்லை ஒரு மரப்பலகையால் தள்ளிப் பாருங்கள். பலகையின் முன்னே நெல் குவிந்து, பின்புறம் உயர்ந்தும் முன்புறம் சரிந்தும் ஆப்பு வடிவாகத் திரளும். சரிவு ஓர் அளவை எட்டும் வரை குவியல் உயரும். எட்டியதும், முழுக் குவியலும் முன்னே நகர்ந்து புதிய நெல்லைச் சேர்த்துக்கொள்ளும். டேவிஸ், சுப்பி, டாலன் என்னும் மூவர் 1983-இல் மலைத்தொடர்களுக்கும் இவ்விதியே பொருந்தும் எனக் காட்டினர். மலை ஓர் அளவுக்கு உயர்ந்ததும், அதன் முன்னே, அதற்கடியில், புதிய உந்துபிளவு தோன்றுகிறது. பழைய பிளவுகள் புதியதன் முதுகில் ஏறி, மேலும் செங்குத்தாகச் சாய்கின்றன. பின்வரிசை பழையது, முன்வரிசை புதியது என்பது இத்தகைய மலைகளின் பொதுமுறை.

தில்லியில் வாழும் அன்பர்கள் சகாரன்பூர் வழியாக டேராடூன் செல்லும்போது இதனைக் கண்கூடாகக் காணலாம். சமவெளி முடிந்ததும் மோகந்து என்னுமிடத்தில் சிவாலிக் குன்றுகள் திடீரென எழுகின்றன. அவற்றின் மணற்கல் அடுக்குகள் வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும். இமயத்தின் முன்னணி உந்துபிளவின் மேல் எழுந்த மடிப்பு அது. அதன் பின்னே தாழ்ந்து கிடக்கும் கீழ்மடிப்பே டேராடூன் பள்ளத்தாக்கு. அஸ்ஸாமில் வாழும் அன்பர்களுக்குத் திக்பாய் தெரிந்த ஊர். அங்கே 1889-இல் எண்ணெய் கிடைத்ததற்குக் காரணமும் இதுவே. நாகா உந்துபிளவின் துணையால் எழுந்த மேன்மடிப்பு, கவிழ்த்த பாத்திரம் போல நின்று, மேலேறி வந்த எண்ணெயைத் தன் வயிற்றில் தேக்கி வைத்தது.

இமயத்திலிருந்து தொடங்கும் இந்த மடிப்பு வரிசை, பட்காய், நாகா மலைகளின் வழியே தெற்கே திரும்பி, பர்மாவின் அரக்கான் மலைத்தொடராக நீண்டு, பின்னர்க் கடலில் இறங்குகிறது. கடலில் மூழ்கிய அம்மலையின் முகடுகளே அந்தமான், நிக்கோபார்த் தீவுகள். அதற்குத் தெற்கே சுமத்ராவின் மேற்குக் கரையோரத் தீவுகளாக அது தொடர்கிறது. எனவே, கட்சால் கடல் நடுவே தனித்துக் கிடக்கும் திட்டு அன்று. இமயத்தோடு தொடர்புடைய ஒரு மலைவரிசையின் நனைந்த தலை.

கட்சாலுக்கு மேற்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடலடியில் இந்தியத் தட்டு கீழே நுழையும் விளிம்பு உள்ளது. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்தை அரித்துக் கொண்டுவந்த மணலும் வண்டலும் வங்கக் கடலடியில் பல கிலோமீட்டர் தடிப்புக்குப் படிந்திருக்கின்றன. தட்டு நுழையும்போது அப்படிவின் மேற்பகுதி, தேங்காய்த் துருவலைப் போலச் சுரண்டப்பட்டு, மேலுள்ள தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. நெல்லைத் தள்ளும் பலகையை நினைவுகொள்க. சுரண்டிய படிவு மடிந்தும் பிளந்தும் ஆப்பு வடிவாகக் குவிகிறது. ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த மணற்கல்லும் களிக்கல்லும் சுண்ணாம்புப் படிவும் இன்று தீவுகளாகத் தலை நீட்டுவது இவ்வாறே. 1846-இல் டென்மார்க்கு நாட்டு ரிங்க் என்பாரும், 1858-இல் நோவரா என்னும் ஆஸ்திரியக் கப்பலில் வந்த ஹோக்ஸ்டெட்டரும் இத்தீவுகளின் பாறைகளை ஆராய்ந்து எழுதினர். தட்டுகள் நகர்கின்றன என்னும் அறிவு பிறந்தது அதற்கு நூறாண்டுகளுக்குப் பின்னரே.

மடிப்பு மெல்ல வளர்கிறது என்றேன். அடியிலுள்ள பெரும்பிளவு மட்டும் எப்போதும் மெல்ல நகர்வதில்லை. அதன் இரு பக்கங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் அசையாதிருக்கும். ஆனால் கீழ்த்தட்டு ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே மேல்தட்டின் கடல்புற விளிம்பு கீழே இழுக்கப்படுகிறது. அதற்குச் சற்று உள்ளே உள்ள பகுதி வில்லைப் போல மேல்நோக்கிப் புடைக்கிறது. கரையில் நிற்பவருக்கு எல்லாம் அமைதியாகவே தோன்றும். அந்த அமைதி ஒரு சேமிப்பு. ஒவ்வோர் ஆண்டின் நெருக்கமும் பாறையில் வரவு வைக்கப்படுகிறது. பற்று விடும் நாளில் அச்சேமிப்பு முழுதும் சில நிமிடங்களில் செலவாகிறது. அதுவே நிலநடுக்கம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், இந்திய நேரம் காலை 6 மணி 28 நிமிடத்திற்கு, சுமத்ராவின் வடமேற்குக் கரையருகே பற்று விடத் தொடங்கியது. துணி கிழிவது போல அவ்விடுபடல் வடக்கு நோக்கி, நொடிக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. சில நிமிடங்களில் அது நிக்கோபாரை அடைந்து, பின் அந்தமானின் வடமுனை வரை சென்றது. கிழிந்த நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். சில இடங்களில் பாறை பதினைந்து மீட்டருக்கும் மேலாக நழுவியது. நிமிர்ந்த வில் தளர்ந்தது. கீழே இழுபட்டிருந்த கடல்புற விளிம்பு துள்ளி எழுந்து, தன்மேலிருந்த கடல்நீரை உயர்த்தியது, ஆழிப்பேரலை பிறந்தது. மேல்நோக்கிப் புடைத்திருந்த உட்பகுதி தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளத் திட்டுகள் நீருக்கு மேலே உயர்ந்து காய்ந்தன. நிக்கோபார்த் தீவுகளோ தாழ்ந்த பகுதியில் அமைந்திருந்தன. கார் நிக்கோபார் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில், கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது. கட்சாலும் தாழ்ந்தது. வயலும் தோப்பும் இருந்த தாழ்நிலங்களில் உப்புநீர் நிலைகொண்டது. தாழ்ந்த தீவின்மீதே பேரலையும் ஏறியது.

அங்ஙனமாயின், ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் தாழும் தீவு எங்ஙனம் கடலுக்கு மேலே இருக்கிறது? இங்கேதான் மடிப்பும் பிளவும் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. சேமித்த வளைவில் பெரும்பகுதி நிலநடுக்கத்தின்போது மீண்டுவிடுகிறது. ஆயினும் முழுதும் மீள்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பகுதி, நிலையான மடிப்பாகவும் சிறு பிளவுகளின் ஏற்றமாகவும் பாறையில் தங்கிவிடுகிறது. ஆயிரமாயிரம் முறை தங்கிய அந்தச் சிறு மிச்சங்களின் கூட்டுத்தொகையே தீவு. கட்சாலை ஒரு காலையில் தாழ்த்திய பிளவே, பல இலட்சம் ஆண்டுகளாக அதனை உயர்த்தி வந்த பிளவும் ஆகும். முன்னர்க் கேட்ட இரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்று நான் கூறியது இதனாலேயே.

இவ்வறிவால் பயன் என்ன என்று கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு சிறு தீவின் வரலாற்றைக் கூறி முடிக்கிறேன். சுமத்ராவின் மேற்கே, இதே மடிப்பு வரிசையில், சிமலூ என்றொரு தீவு உள்ளது. 1907-இல் அங்கே ஒரு பேரலை எழுந்து பலரைக் கொண்டது. தப்பியவர்கள் அந்நிகழ்ச்சிக்கு ‘ஸ்மோங்’ எனப் பெயரிட்டனர். நிலம் வலுவாக நடுங்கி, பின்னர்க் கடல் உள்வாங்கினால், எதற்கும் காத்திராது குன்றின்மேல் ஏறுக என்பதே அச்சொல்லின் பொருள். பாட்டிமார் அதனைப் பேரர்க்குக் கூறினர். தாலாட்டிலும் அது புகுந்தது. 2004-இல் அத்தீவு நடுக்கத்தின் தோற்றுவாய்க்கு மிக அருகில் இருந்தது. மக்கள் ஏறத்தாழ 78,000 பேர். உயிரிழந்தோர் ஏழு பேரே.

கட்சாலில் குடியேறிய நம் மக்களிடம் அத்தகைய சொல் இல்லை. அது அவர்கள் குற்றமன்று. கடல்கோள் என்னும் சொல் தமிழில் பழமையானது. ஆயினும், நிலம் நடுங்கியதும் மேட்டுக்கு ஓடவேண்டும் என்னும் வழக்கம், அசையாப் பாறையின் மேல் வாழ்ந்த நம்மிடையே வேரூன்றவில்லை. 1881-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அலையைச் சென்னை, நாகப்பட்டினம் துறைகளின் கடல்மட்டக் கருவிகள் பதிவு செய்தன. கருவி பதிந்தது; மக்கள் நினைவில் அது பதியவில்லை. இடம்பெயர்வோர் உடைமைகளைக் கொண்டு செல்கின்றனர். மொழியையும் தெய்வத்தையும் உணவையும் கொண்டு செல்கின்றனர். நிலத்தைப் பற்றிய அறிவை மட்டும் கொண்டு செல்ல இயலாது. அதனைப் புதிய மண்ணில் புதிதாகக் கற்றாக வேண்டும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்முள் பலர் இன்று இம்மடிப்பு வரிசையின் மீதோ அதன் அருகிலோ வாழ்கின்றோம். டேராடூனில் வாழ்வோரும், குவாஹாட்டியில் வாழ்வோரும், போர்ட்டு பிளேயரில் வாழ்வோரும் தம் வீட்டுக்கு அடியில் உள்ளது பல்லாவரத்துப் பாறை அன்று என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மலைப்பகுதியில் வீடு கட்டுவோர் நிலநடுக்கத்தைத் தாங்கும் முறையில் கட்டுதல் கடமை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தை உலுக்கிய பிளவு, நிலத்தின் மேற்பரப்பை வந்து பிளக்கவே இல்லை; ஆழத்திலேயே நகர்ந்து நின்றது. ஆகவே, கண்ணுக்குப் பிளவு தெரியவில்லை என்பதும், நெடுங்காலமாக நடுக்கம் இல்லை என்பதும் பாதுகாப்புக்குச் சான்றாகா.

தீவுகளில் வாழ்வோர்க்குக் கூறவேண்டியது இன்னும் எளிது. ஐதராபாத்தில் 2007-இல் அமைந்த ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் சில நிமிடங்களில் செய்தி தருகிறது. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆகும். அங்கே அச்செய்தி பேருதவி. நிக்கோபாருக்கோ அலை சில பத்து நிமிடங்களிலேயே வந்துவிடலாம். அங்கே முதல் எச்சரிக்கை நிலமே. நிற்க இயலாதபடி நிலம் ஆடினாலும், ஆட்டம் மென்மையாயினும் ஒரு நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், கடல் உள்வாங்கினாலும் செய்திக்குக் காத்திராமல் மேட்டுக்குச் செல்லவேண்டும். முதல் அலை வடிந்ததும் இறங்கிவிடலாகாது. பின்வரும் அலை அதனினும் பெரிதாக இருத்தல் கூடும்.

கட்சாலின் நடுவே சிறு குன்றுகள் உண்டு என்று தொடக்கத்தில் கூறினேன். அவை நில மடிப்பால் எழுந்த மேடுகள். தீவைத் தாழ்த்திய அதே ஆற்றல், மக்கள் ஏறி நிற்க அம்மேட்டையும் எழுப்பி வைத்திருக்கிறது. அங்கே செல்லும் பாதை எது, எத்தனை நிமிட நடை, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் யார் என்பவற்றை ஒவ்வொரு வீட்டாரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். குழந்தைகளுக்கு அதனைக் கதையாகச் சொல்லட்டும். சிமலூத் தீவின் பாட்டிமார் செய்தது அவ்வளவே. அது நம்மாலும் இயலும்.